மாலிப்டினம் நிலத்தில் பத்து லட்சம் போடலாமா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். வயது 61. ஆறு மா நிலம் விற்றதில் 22 லட்சம் கையில் இருக்கிறது. வரும் தை மாதம் மகளுக்குக் கல்யாணம். டொராண்டோவில் இருக்கும் அக்கா மகன், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாலிப்டினம் என்ற உலோகத்துக்கான நிலம் வைத்திருக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் பங்கில் 10 லட்சம் போடச் சொல்கிறான். 1967, 1980, 2007 என்று மூன்று முறை துளையிட்டுத் தாது பார்த்திருக்கிறார்களாம். பக்கத்தில் எண்டாகோ என்ற பெரிய சுரங்கமும் இருக்கிறதாம். அறிக்கையை இணைத்திருக்கிறேன். போடலாமா சார்?

பதில்: வேண்டாம். தை மாதம் தேவைப்படும் பணத்தை எந்தப் பங்கிலும் போடக்கூடாது என்பது ஒரு பக்கம். அறிக்கையை நானும் படித்தேன். மூன்று முறை வந்தார்கள் என்பதைத்தான் உங்கள் அக்கா மகன் பார்த்திருக்கிறார். மூன்று முறையும் ஏன் மூட்டை கட்டினார்கள் என்று யோசிக்கவில்லை.

பூமிக்கு அடியில் கருங்கல் குழம்பு இறுகும்போது, கடைசியில் மிஞ்சும் சூடான நீர் சுற்றியுள்ள பாறையை நூல் நூலாகப் பிளக்கும். அந்த வெடிப்புகளில் குவார்ட்ஸோடு மாலிப்டினைட் என்ற மாலிப்டினத் தாது படியும். கையில் எடுத்தால் பென்சில் கரி மாதிரி வழுக்கும், தாளில் கோடு இழுக்கும். கிராஃபைட் என்றும் ஈயத்தாது என்றும் வெகுகாலம் குழம்பியிருந்ததை, 1778-இல் ஷீலே என்ற வேதியியலாளர்தான் தனிப்பொருள் என்று பிரித்துக் காட்டினார். சிக்கல் என்னவென்றால், இந்த நூல்கள் ஒரு மலை முழுக்கப் பரவிக் கிடக்கும். உங்கள் அறிக்கையில் சராசரி 0.06 சதவீதம். அதாவது ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் 600 கிராம், அதுவும் முழுசாகக் கைக்கு வராது.

அப்புறம் துளைகள். மொத்தம் பதினாலு, துளைக்குத் துளை 200 மீட்டர். நம் பக்கம் போர் போட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வயலில் நல்ல தண்ணீர் வரும், வரப்பைத் தாண்டினால் உப்பு. இரண்டு துளைக்கு நடுவே இருப்பதை அவர்களும் ஊகித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

14-ஆம் பக்கத்தில் 'பழைய மதிப்பீடு' என்று ஒரு வரி வரும். 1997-இல் பிரி-எக்ஸ் என்ற கனடா கம்பெனியின் இந்தோனேசியத் தங்கம் மோசடி என்று வெளியான பிறகு, சுரங்கக் கம்பெனிகள் தாதுக் கணக்கை எப்படி வெளியிட வேண்டும் என்று சொல்லும் 43-101 என்ற விதி கனடாவில் வந்தது. பழைய கணக்கைக் காட்டலாம், ஆனால் தகுதியுள்ள நிபுணர் அதைச் சரிபார்க்கவில்லை என்றும் சேர்த்து எழுத வேண்டும். பக்கத்து நிலத்தில் தாது இருப்பதால் இங்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்றும் எழுத வேண்டும். இரண்டையும் எழுதித்தான் இருக்கிறார்கள், பொடி எழுத்தில்.

அந்த எண்டாகோ கதையையும் கேளுங்கள். 1965-இல் திறந்தார்கள். 1982-இல் நிறுத்தி 1986-இல் மறுபடி ஓட்டினார்கள். 2012-இல் புது ஆலை கட்டி முடித்தார்கள். 2014 கடைசியில் உற்பத்தி நின்றது. தோண்டி முடித்து, சாலையும் ஆலையும் உள்ள சுரங்கத்துக்கே இந்தப் பாடு.

காரணம் விலை. மாலிப்டினம் பெரும்பாலும் எஃகுக்குப் போகிறது. சிலி, பெரு நாட்டுச் செம்புச் சுரங்கங்களில் இது செம்போடு சேர்ந்து துணைப்பொருளாகவே கிடைப்பதால், விலை விழுந்தாலும் அவர்கள் நிறுத்த மாட்டார்கள். 2005-இல் ஒரு பவுண்டு எடை 40 டாலரைத் தொட்டது, 2008 கடைசியில் 10 டாலருக்குக் கீழே வந்தது. உங்கள் அறிக்கையின் 1980, 2007 இரண்டும் விலை ஏறிக் கிடந்த காலம். விலை இறங்கியதும் துளைக் கருவிகளும் மலையிறங்கிவிட்டன.

உலோகத்தை நான் குறை சொல்லவில்லை. அறுப்புக்கு முன் நெல்லுக்குள் நீங்கள் தெளிக்கும் உளுந்தின் வேர் முடிச்சுக்கூட மாலிப்டினம் இல்லாமல் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்காது. நம் அரூர்ப் பக்கத்திலும் தாது உண்டு. புவியியல் துறை கண்டுபிடித்து வைத்திருந்தும், ஏலத்துக்கு வர 2023 ஆகிவிட்டது. இந்தத் தொழிலின் வேகம் அவ்வளவுதான்.

சரி, பணத்துக்கு வருவோம். கல்யாணச் செலவை வங்கி வைப்பில், மார்கழியில் முதிர்வது மாதிரிப் போடுங்கள். மீதியை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடலாம். விற்ற நிலம் நகராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருந்தால் மூலதன ஆதாய வரி வரக்கூடும், ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அக்கா மகன் மனம் கோணக்கூடாது என்றால் 25,000 ரூபாய், போனால் போகிறது என்ற கணக்கில். ஒரே ஒரு பங்கு இருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் அவரிடம் ஒன்று கேளுங்கள். இந்த மாதிரிக் கம்பெனிகள் முதலில் தெரிந்தவர்களுக்குக் குறைந்த விலையில் பங்கு கொடுக்கும், அதை நாலு மாதம் விற்க முடியாது, அது முடிந்ததும் விற்க வாங்க ஆள் தேவைப்படும். அவர் என்ன விலைக்கு வாங்கினார், அவருடைய நாலு மாதம் எந்தத் தேதியில் முடிகிறது?