12 மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணம் கந்தர்மடத்தில் ஒரு மேல்மாடி வீட்டை மாதம் 30,000 ரூபாவுக்குப் பேசியிருக்கிறோம். வீட்டுக்காரர் கனடாவில். அவருடைய மச்சானும் ஒரு தரகரும்தான் வீட்டைக் காட்டினார்கள். 12 மாத வாடகையை முற்பணமாகவும், ‘அக்ரிமென்ட் காசு’ என்று 15,000 ரூபாவும், தரகருக்கு ஒரு மாத வாடகையும் கேட்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று சட்டம் இருப்பதாக என்னோடு படிப்பிக்கும் ரீச்சர் சொல்கிறார். உண்மையா? (ஓர் ஆசிரியை)

பதில்: சட்டம் இருப்பது உண்மை. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்பதைத் தடுக்கிறது. வாடகைக்கு மேலாகக் ‘கீ மணி’ (சாவி தருவதற்கென்று வாங்கும் காசு), கொமிஷன் என்று வீட்டுக்காரர் கேட்பதையும் தடுக்கிறது. ஆனால் அது உங்களுக்கு உதவாமல் போகலாம்.

காரணம் வீட்டின் வயது. 1980 ஜனவரி 1க்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பு வீடுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அந்தத் திகதிக்கு முந்திய வீடாக இருந்தாலும், அன்று சொந்தக்காரரே குடியிருந்து பின்னர் வாடகைக்கு விட்டிருந்தால் அதற்கும் பொருந்தாது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, ‘இந்த வீடு எப்ப கட்டினது?’ என்பதைத்தான். கீழ் வீடு பழையது, மேல்மாடி பிறகு எழுப்பியது என்றால் மேல்மாடியின் ஆண்டைத் தனியாகக் கேளுங்கள். யுத்தத்தில் இடிந்து திரும்பக் கட்டிய வீடுகள் நிறைந்த ஊர் இது. பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் வாடகைக்காரர்தான் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். இத்தனை வருடமாகியும் புது வீடுகளின் முற்பணத்துக்கு ஓர் எல்லை போட யாருக்கும் மனம் வரவில்லை.

சரி, உங்களிடம் கேட்கும் 3,60,000 ரூபாவுக்கு வருவோம். சட்டம் கை கொடுக்காத இடத்தில் பேரம்தான் வழி. மூன்று அல்லது ஆறு மாதத்துக்குக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால், முற்பணத்திலிருந்து மாதாமாதம் எவ்வளவு கழியும், வீட்டை விடும்போது மிச்சம் எத்தனை நாளுக்குள் திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

எனக்குப் பெரிய பயம் அந்த ‘அக்ரிமென்ட்’ மேல்தான். தரகர் தருவது அநேகமாகக் கொமினிகேஷன் கடையில் ரைப் அடித்து, முத்திரை ஒட்டி, இரண்டு பேர் கையெழுத்து வைத்த ஒரு தாள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, அதாவது காலம் குறித்த வாடகை ஒப்பந்தம், நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் தாளில் ஒரு வருடம் என்று போட்டிருந்தாலும் அந்த ஒரு வருடம் நிற்காது. ஒரு மாத நோட்டீஸில் எழும்பச் சொல்வார்கள், உங்கள் காசோ அவர்கள் கையில் இருக்கும். 15,000 கொடுப்பதென்றால் நொத்தாரிசு எழுதும் குத்தகை உறுதிக்குக் கொடுங்கள். நொத்தாரிசை நீங்களே தேடுங்கள், தரகர் கூட்டிப்போகும் இடத்துக்குப் போக வேண்டாம்.

அப்புறம் மச்சான். வீட்டுக்காரர் வெளிநாட்டில் என்றால் மச்சானிடம் பதிவு செய்த அற்றோணித் தத்துவம் (அவருக்காகச் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம், power of attorney) இருக்க வேண்டும். அதை வாங்கி, வீட்டை வாடகைக்கு விடவும் காசு பெறவும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று உங்கள் நொத்தாரிசிடம் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் போதாது. வீட்டுக்காரரோடு வீடியோ கோலில் ஒருமுறை கதையுங்கள். ஒரே வீட்டை இரண்டு குடும்பத்துக்குக் காட்டி இரண்டு பேரிடமும் அட்வான்ஸ் வாங்குவது நடக்கிறது. காசைக் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கில், முடிந்தால் வீட்டுக்காரரின் பெயரிலுள்ள கணக்கிலேயே போடுங்கள். எதற்கு எவ்வளவு என்று எழுதிய பற்றுச்சீட்டையும் விடாமல் வாங்குங்கள். பிறகு முற்பணம் திரும்பாமல், பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போக நேர்ந்தால் கையில் இருக்கப்போவது அந்தக் கடதாசிதான்.

கரண்டையும் பாருங்கள். கீழுக்கும் மேலுக்கும் ஒரே மீட்டர் என்றால் யூனிட் கூடக் கூட விலையும் ஏறும், அந்தக் கூடுதல் உங்கள் தலையில் விழும். தனி மீட்டர் இல்லையென்றால் பில்லை எப்படிப் பிரிப்பது என்பதும் உறுதியில் வரட்டும். சாவி வாங்கும் அன்று மீட்டரையும் சுவர்களையும் போனில் படம் எடுத்து வையுங்கள். போகும்போது ‘பெயின்ற் காசு’ என்று கழிக்கப் பார்ப்பார்கள்.

தரகர் கூலி நீங்களும் அவரும் பேசித் தீர்ப்பது. ஒரு மாத வாடகை என்பது வழக்கம், கட்டாயமில்லை. பாதிக்குக் கேளுங்கள். எவ்வளவு ஒத்துக்கொண்டாலும், ‘வேறு ஆக்கள் வந்து பார்த்திட்டுப் போகினம்’ என்று அவர் எத்தனை தரம் அவசரப்படுத்தினாலும், சாவியும் குத்தகை உறுதியின் பிரதியும் கைக்கு வரும் வரைக்கும் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.