சுமோவில் சேர ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. ஜூடோ வீரன், 181 செ.மீ. உயரம், 115 கிலோ எடை. ஜப்பானில் சுமோ வீரனாகச் சேர்த்துவிட ஒரு ஏஜென்ட் 4 லட்சம் ரூபாய் கேட்கிறார். மாதம் 11 லட்சம் யென் சம்பளமாம். ஜப்பான் குடியுரிமையும் வாங்கித் தருவாராம். நம்பலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

சுமோவில் சேரக் கட்டணமே கிடையாது. ‘ஹெயா’ எனப்படும் பயிற்சிக்கூடம் ஏதாவது ஒன்று உங்கள் மகனை ஏற்க வேண்டும். அதன் தலைவரான ஓயாகத்தா மூலமாகத்தான் ஜப்பான் சுமோ சங்கத்துக்கு விண்ணப்பம் போகும். சேர்ந்தபின் தங்குமிடமும் சாப்பாடும் ஹெயாவின் பொறுப்பு. இதில் ஏஜென்ட்டுக்கு என்ன வேலை?

11 லட்சம் யென் என்பது உண்மையான தொகைதான். ஆனால் அது புதிதாகச் சேர்பவருக்கு இல்லை. மொத்தம் ஆறு பிரிவுகள். மேலிருந்து இரண்டாவதான ஜூரியோவில்தான் அந்தச் சம்பளம். மேல் இரண்டு பிரிவுகளில் 42, 28 என 70 இடங்கள். களத்தில் இருப்பவர்களோ ஏறத்தாழ 600 பேர். மற்றவர்களுக்கு மாதச் சம்பளமே இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் போட்டிக்கான படி மட்டும்: கடைசிப் பிரிவில் 77,000 யென், ஜூரியோவுக்கு நேர் கீழே 1,65,000 யென். உங்கள் மகன் அடியிலிருந்துதான் தொடங்குவான். ஒரு போட்டியில் ஏழு ஆட்டம். நாலு ஜெயித்தால் ஏற்றம், மூன்றே ஜெயித்தால் இறக்கம். மின்னலாக ஏறுபவருக்கே ஜூரியோவைத் தொட ஓராண்டு பிடிக்கும். பத்தாண்டாகியும் தொடாதவர்கள் ஏராளம்.

அடுத்தது குடியுரிமைப் பேச்சு. ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு ஹெயாவில் ஒரே ஒரு வெளிநாட்டவர்தான் இருக்கலாம். முன்பு அவர் ஜப்பான் குடியுரிமை பெற்றால் அந்த இடம் காலியாகி, இன்னொருவரைச் சேர்க்க முடிந்தது. 2010-இல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். இப்போது பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறார்கள். குடியுரிமை வாங்கினாலும் உங்கள் மகன் அந்த ஒற்றை இடத்துக்குத்தான் நிற்க வேண்டும். குடியுரிமை பயன்படுவது ஓய்வுக்குப் பிறகு: ஓயாகத்தா ஆக அது கட்டாயம். சுமோவின் மிக உயர்ந்த நிலையான யோகோசுனாவாக இருந்த ஹகுஹோ 2019-இல் குடியுரிமை பெற்றதற்கும் அதுவே காரணம். சேரும்போதே அதற்குப் பணம் கேட்பவர் உங்களை ஏய்க்கிறார்.

இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் ஹெயாக்கள். பலவற்றில் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அங்கே இருக்கும் வெளிநாட்டவர் ஓய்வு பெறும்வரை கதவு திறக்காது. திறமையைப் பார்க்க வேண்டிய இடத்தில் காலியிடத்தைப் பார்க்கிறார்கள். இந்த விதியை எப்போதோ தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று: சேர்ந்த ஹெயாவைவிட்டு விருப்பப்படி வேறு ஹெயாவுக்கு மாற முடியாது. 2007-இல் ஒரு ஹெயாவில் 17 வயதுப் பையன் அடிபட்டே இறந்தான். அந்த ஓயாகத்தா சிறைத்தண்டனை பெற்றார். ஆகவே காலைப் பயிற்சியை நேரில், ஒரு நாளுக்கு மேல் பாருங்கள். இளையவர்களை எப்படி நடத்துகிறார்கள், காயம்பட்டவரை மருத்துவரிடம் அனுப்புகிறார்களா என்று கவனியுங்கள். களத்தில் பட்ட காயத்துக்குத் தரவரிசை குறையாமல் விடுப்பு தரும் முறையை 2003-உடன் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆடாத ஆட்டமும் தோல்விக் கணக்குதான். இரண்டாம் உயர்ந்த நிலையான ஓசெகியாக இருந்த தெருனோஃபுஜியே முழங்கால் காயத்தாலும் நோயாலும் கீழிருந்து இரண்டாவது பிரிவுவரை விழுந்தார். அவர் மீண்டு 2021-இல் யோகோசுனா ஆனது அபூர்வம். ஜூடோ ஆடிய முழங்காலை முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள்.

சரியான வழி அமெச்சூர் சுமோ. உக்ரைனின் அவோநிஷிகி 2019-இல் ஜப்பானில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் ஆடினார். அங்கே பழகிய ஜப்பானிய மாணவரின் உதவியால் 2022-இல் அங்கே போய், கன்சாய் பல்கலைக்கழக சுமோ குழுவோடு பயிற்சி செய்து, ஹெயாவில் சேர்ந்தார். மகனை உங்கள் நாட்டு அமெச்சூர் போட்டிகளில் இறக்குங்கள். ஆட்ட வீடியோக்களோடு ஜப்பானிய மொழியில் ஓயாகத்தாவுக்குக் கடிதம் போடுங்கள். முதல் வரியிலேயே வெளிநாட்டவர் இடம் காலியா என்று கேளுங்கள்.

வயது வரம்பு 23-க்குள். ஏற்றுக்கொண்ட பிறகும் விசாவுக்காகவும் பயிற்சிக்காகவும் ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். எனவே 22 வயதுக்குள் ஒரு ஹெயா சம்மதித்தாக வேண்டும்.