மடக்கிய விரல் நிமிரவில்லை: ஊசியா, ஆபரேஷனா?

கேள்வி: காலையில் மோதிர விரல் மடங்கியே கிடக்கிறது. இன்னொரு கையால் இழுத்தால்தான் ‘டக்’கென்று நிமிர்கிறது. என்ன செய்வது?

பதில்: இது ட்ரிகர் ஃபிங்கர். விரலை மடக்கும் தசைநாண், உள்ளங்கையில் விரல் தொடங்கும் இடத்தில் ஒரு வளையத்துக்குள் புகுந்து போகிறது. வளையம் தடித்து நாணும் வீங்கினால் அங்கே மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கும். விரலை அசைக்கும்போது சின்னக் கட்டி ஒன்று நகர்வதும் தெரியும். தொடங்கிச் சில வாரம்தான் என்றால், அடிமூட்டு மடங்காதபடி ஆறு வாரமாவது ஸ்பிளின்ட் (விரலை நேராகப் பிடித்து வைக்கும் பட்டை) போட்டுப் பாருங்கள். அழுத்தி நீவுவதும் சொடுக்கு எடுப்பதும் வேண்டாம்.

கேள்வி: எனக்குப் பல வருடமாக சுகர். ஸ்டீராய்டு ஊசி போடலாமா, நேராக ஆபரேஷனுக்கே போகலாமா?

பதில்: ஊசி போடலாம். நிறையப் பேருக்கு ஒரே ஊசியில், ஓரிரு வாரத்தில் விரல் இளகிவிடும். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு அது பலிக்கும் வாய்ப்பு குறைவு, திரும்ப வருவதும் அதிகம். போட்ட பிறகு சில நாள் சுகர் ஏறும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அதற்காக ஆபரேஷனுக்கு அவசரப்படவும் வேண்டாம். சுகரின் மூன்று மாத சராசரி (HbA1c) மிக அதிகமாக இருந்தால் ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடிக்கும் பயம் உண்டு. முதலில் அதைக் குறையுங்கள். என் கருத்து: ஒரு ஊசி, தேவைப்பட்டால் இன்னொன்று. அப்புறமும் மாட்டினால் மூன்றாவதைத் தேடி அலையாமல் ஆபரேஷன் செய்துகொள்வதே நல்லது. விரல் நிமிராமலே மடங்கி நின்றுவிட்டது என்றால் அவ்வளவுகூடக் காத்திருக்காதீர்கள், மூட்டு இறுகிவிடும்.

கேள்வி: ஆபரேஷன் பெரிதா? ஊசி முனையாலேயே செய்கிறார்களாமே?

பதில்: சின்னதுதான். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் கீறி, வளையத்தைத் திறந்துவிடுவார்கள். மேஜையிலேயே “மடக்குங்க, நீட்டுங்க” என்பார்கள். மாட்டாமல் ஓடுவதை அங்கேயே பார்த்துவிடலாம். அன்றே வீடு. அன்றிலிருந்தே விரலை அசைக்க வேண்டும், இதில் சோம்பல் கூடாது. ஊசி முனை முறையில் கீறாமல், ஊசி முனையாலேயே வளையத்தைத் திறப்பதால் தையல் இல்லை, புண் சீக்கிரம் ஆறும். ஆனால் கட்டைவிரலில் நரம்பு மிக அருகில் ஓடுவதால், அங்கே கீறிப் பார்த்துச் செய்வதையே நான் சொல்வேன்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தைக்குக் கட்டைவிரல் நுனி மடங்கியே இருக்கிறது. ஊசி போடலாமா?

பதில்: வேண்டாம். குழந்தைகளுக்கு இது தானாகவே சரியாவதுண்டு. எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் பொறுத்துப் பாருங்கள். சரியாகாவிட்டால் ஆபரேஷன் பிறகு செய்துகொள்ளலாம்.