மின்சார வண்டி கேள்வி-பதில்: முதலில் எர்த்தைப் பாருங்கள்

மின்சார வேன் வாங்கினால் லாபமா? – பட்டுக்கோட்டை வாசகர்
தினம் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பாரம், எங்கே சார்ஜ் என்று எதுவுமே எழுதவில்லை. ஒரு வாரம் குறித்து வைத்து மறுபடி எழுதுங்கள்.

150 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். நெல் மூட்டை ஏற்றினால் 90தான் வருகிறது. – நீடாமங்கலம்
அவர்கள் சொன்னது சோதனைக்கூடக் கணக்கு. மூன்றில் ஒரு பங்கைக் கழித்துத்தான் நடையைத் திட்டமிட வேண்டும். அளவுக்கு மீறி ஏற்றினால் இன்னும் குறையும்.

ஆறு லோடு ஆட்டோவை ராத்திரி எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடுகிறோம். பிளக் உருகுகிறது. வண்டியில் கோளாறா? – மன்னார்குடி
வண்டியில் இல்லை, உங்கள் வயரிங்கில். 3 கிலோவாட் சார்ஜர் ஒன்று 13 ஆம்பியர் இழுக்கும். ஆறும் சேர்ந்தால் 80ஐத் தொடும், அதுவும் மணிக்கணக்கில். வீட்டு லைன் எப்படித் தாங்கும்? இன்றைக்கே அந்த பாக்ஸைக் கழற்றிவிடுங்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்து, இணைப்பின் மின் லோடைக் கூட்டி, மூன்று ஃபேஸ் வாங்குங்கள். ஃபேஸுக்கு இரண்டு வண்டி. ஒவ்வொன்றுக்கும் தனி 16 ஆம்பியர் பாயின்ட், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, லோடு மீறினால் லைனை வெட்டும் எம்.சி.பி., மின்கசிவு வந்தால் வெட்டும் ஆர்.சி.சி.பி.

அப்புறம் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை ஆள்மேல் பாயவிடாமல் மண்ணுக்குள் இறக்கும் கம்பி. எத்தனை முறை எழுதினாலும் யாரும் கேட்பதில்லை. ஒரு ஷெட்டில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றியிருந்தார்கள். இரண்டடி தள்ளி அந்தக் குழாய் மின்சாரம் கடத்தாத பி.வி.சி.யாக மாறியிருந்தது! டிரைவர்கள் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று பிளக் செருகுகிறார்கள். டெல்டாவின் ஈரக் களிமண்ணில் நல்ல எர்த் சுலபமாகக் கிடைக்கும். லட்சக்கணக்கில் வண்டிக்குக் கொடுத்துவிட்டு இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். கோடையில் வயல் வெடிக்கும்போது எர்த் குழியும் காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றுங்கள்.

வயல் மோட்டார் இணைப்பில் சார்ஜ் போடலாமா? – திருவாரூர்
கூடாது. அந்த இலவச மின்சாரம் பாசனத்துக்கு.

நவக்கிரக டூருக்கு ஹைபிரிட் கார் சரியா? – கும்பகோணம்
சரி, ஆனால் ஸ்ட்ராங் ஹைபிரிட்தானா, அதாவது கொஞ்ச தூரம் பேட்டரி மோட்டாரிலேயே ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். மைல்டு ஹைபிரிட்டில் மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுப்பதோடு சரி, பெரிய மிச்சம் கிடையாது. நின்று நின்று போகும் கோயில் தெருக்களில்தான் ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் பலன் தெரியும். பல மாடல்களில் பின் சீட்டருகே பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம் இருக்கும். பயணிகளின் பையும் துண்டும் அதை அடைக்காமல் டிரைவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழையில் வண்டி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்றுவிட்டது. ஐ.பி.67 பேட்டரி என்பதால் சார்ஜ் போடலாமா? – நாகப்பட்டினம்
போடாதீர்கள். ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். உங்கள் ஊர் கடலோரம்; உப்புத் தண்ணீர் புகுந்த பேட்டரி சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். மற்ற வண்டிகளிடமிருந்து தள்ளி, வெட்டவெளியில் நிறுத்திவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். சார்ஜிங் பாயின்ட்டும் நனைந்திருந்தால், எர்த்தைச் சோதித்த பிறகே மெயினைப் போடுங்கள்.