பிறந்தநாளுக்கு வரும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு என்ன கைவேலை கொடுக்கலாம்?

கேள்வி: ஐந்து முதல் எட்டு வயது வரை பன்னிரண்டு குழந்தைகள் வருகிறார்கள். இரண்டு மணி நேரம், வீட்டுக் கூடம்தான் இடம். போன முறை எல்லோருக்கும் பெயின்ட் கொடுத்தோம். கால் மணியில் பாதிப் பேர் எழுந்து ஓடிவிட்டார்கள். மீதிப் பேரின் படங்கள் காயாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதிகச் செலவில்லாமல் இந்த முறை என்ன செய்யலாம்?

பதில்: எந்தக் கைவேலையாக இருந்தாலும், இது எவ்வளவு நேரத்தில் காயும் என்று முதலில் பாருங்கள். செய்ததைப் பிள்ளை கையோடு வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். கெட்டியாக அப்பிய போஸ்டர் கலர் அரை மணி ஆனாலும் கையில் ஒட்டும். வெள்ளைப் பசை இன்னும் மோசம். மேலே காய்ந்தாற்போல் தெரியும், தாளை நிமிர்த்தினால் ஒட்டியதெல்லாம் வழுக்கிக்கொண்டு கீழே வரும். உப்பு மாவு பொம்மை செய்யச் சொல்லி யாராவது யோசனை தந்திருப்பார்கள். மைதா இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, தண்ணீர் முக்கால் பங்கு என்று பிசைந்தால் நன்றாகத்தான் வரும். ஆனால் தானாகக் காய்ந்து இறுக இரண்டு மூன்று நாளாவது வேண்டும், விருந்துக்குத் தோதுப்படாது. (வீட்டில் நாய் இருந்தால் எப்போதுமே வேண்டாம். அந்த மாவைத் தின்றால் உப்பே அதற்கு விஷம்.)

ஆகவே ஈர வேலை ஒன்று, உலர்ந்த வேலை ஒன்று, அவ்வளவு போதும். ஈர வேலையை முதலில் வைத்துவிட்டால், அடுத்தது முடிவதற்குள் அது காய்ந்திருக்கும்.

பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட மாட்டார்கள். முதலில் வருபவர்கள் சும்மா இருக்கும் அந்தக் கால் மணியில்தான் ஓட்டமும் கூச்சலும் தொடங்கும். பிரவுன் பேப்பரை இரண்டு மீட்டர் நீளத்துக்குத் தரையில் விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டி, நடுவில் வளைந்து வளைந்து போகும் ஒரு சாலையை மட்டும் வரைந்து வையுங்கள். வெறும் தாளைக் கண்டால் ஐந்து வயதுப் பிள்ளை 'என்ன வரையட்டும்?' என்று உங்களிடம் வரும். சாலையைக் கண்டால் கேட்காது, பக்கத்தில் வீடு கட்டத் தொடங்கிவிடும். கிரையான் மட்டும் கொடுங்கள். ஸ்கெட்ச் பென் மை தாளில் ஊடுருவித் தரையில் கறையாக நிற்கும்.

எல்லோரும் வந்ததும் ஈர வேலை. மெழுகால் எழுதி, மேலே நீர்த்த வண்ணம் பூசி, மறைந்திருப்பதை வெளியே கொண்டுவரும் விளையாட்டு இது. மெழுகு தண்ணீரை ஏற்காது. வண்ணம் அந்த இடத்தில் நிற்காமல் விலக, எழுத்து வெள்ளையாகத் துலங்கும். முந்தைய இரவே ஒவ்வொரு தாளின் மேல் பாதியிலும் ஒரு குழந்தையின் பெயரை மெழுகுவர்த்தித் துண்டால் அழுத்தி எழுதிவிடுங்கள். வெள்ளையில் வெள்ளை தெரியாது, தாளை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்து விடுபட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தாள் யாருடையது என்று பின்பக்கம் பென்சிலில் குறித்து வைக்க மறந்தால் பன்னிரண்டு தாளும் ஒன்றுபோலவே இருக்கும்.

கீழ்ப் பாதி குழந்தைக்கு. வெள்ளை ஆயில் பேஸ்டலைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு ரகசியப் படம் வரையச் சொல்லுங்கள். கிரையானைவிட ஆயில் பேஸ்டல் மென்மையானது, சின்னக் கை லேசாக அழுத்தினாலும் கனமாகப் படியும். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு வண்ணம் பூசட்டும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, கெட்டி வண்ணம். அது மெழுகின் மேலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். ஒரு டீஸ்பூன் போஸ்டர் கலருக்கு எட்டிலிருந்து பத்து டீஸ்பூன் தண்ணீர் கலந்து, பழைய செய்தித்தாளில் ஒரு தீற்று தீற்றிப் பாருங்கள். அடியில் இருக்கும் அச்செழுத்தைப் படிக்க முடிந்தால் பதம் சரி. இரண்டாவது, தாள். பிரின்ட் எடுக்கும் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) தாள் நனைந்ததும் நெளியும், இரண்டு முறை தேய்த்தால் கிழியும். 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத வரைதாள் எடுங்கள். மூன்றாவது, நிறம். மஞ்சள் பூசினால் வெள்ளை எழுத்து தெரியாது. நீலமும் அடர் இளஞ்சிவப்பும் மட்டும் வையுங்கள். இரண்டும் கலக்கும் இடம் ஊதாவாகும், அதுவும் அழகு. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் சேறு.

உயரமான தம்ளர் கட்டாயம் கவிழும். அகலமான கிண்ணத்தில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். பாத்திரம் துடைக்கும் ஸ்பாஞ்சின் நடுவே ஓட்டை வெட்டிச் சின்னக் கிண்ணத்தை அதில் செருகிவிட்டால், ஆடாது, சிந்தினாலும் ஸ்பாஞ்சே குடித்துவிடும். நான்கு பேருக்கு ஒரு ஜோடிக் கிண்ணம், மொத்தம் ஆறு. மெல்லிய பூச்சு என்பதால் விசிறிக்கு அடியில் பரப்பி வைத்தால் கால் மணி, இருபது நிமிடத்தில் காயும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்க வேண்டாம்.

அடுத்தது கிரீடம். விருந்து முடியும்வரை தலையில் இருக்கும், மறுநாளும் இருக்கும், ஆகவே அதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு ஏ4 அட்டை போதும். நீளவாக்கில் சரிபாதியாக வெட்டினால் 29.7 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு பட்டைகள் கிடைக்கும். முனையோடு முனை இரண்டு சென்டிமீட்டர் மேலேறும்படி ஒட்டினால் 57 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம் வரும். இந்த வயதில் தலைச்சுற்றளவு பெரும்பாலும் 50 முதல் 53 சென்டிமீட்டர், மிச்சம் இருப்பது வளையம் மூட. மேல் விளிம்பை முக்கோணமாகவோ அலையாகவோ நீங்களே வெட்டி வையுங்கள். பன்னிரண்டு பேர் கத்தரிக்கோலுக்குக் காத்திருந்தால் போன முறை நடந்ததுதான் நடக்கும். அட்டை 200 ஜிஎஸ்எம் அளவில் இருக்கட்டும். அதைவிடத் தடித்தால் வளையாமல் மடிந்து கோடு விழும்.

இனி முக்கியமான தந்திரம்: பசையே வேண்டாம். பட்டையின் நடுவே டபுள் சைடு டேப்பை, இரு முனையிலும் ஐந்தைந்து சென்டிமீட்டர் விட்டு, ஒட்டி வைத்துவிடுங்கள். ஒரு கிரீடத்துக்கு ஏறக்குறைய 47 சென்டிமீட்டர், பன்னிரண்டுக்கும் ஆறு மீட்டருக்குள் முடியும். மேல்தாளை உரிக்கச் சின்ன நகத்துக்கு வராது. அதன் நுனியை மட்டும் முன்பே கிளப்பி மடித்து விடுங்கள். குழந்தை உரித்தபடியே நிறத்தாள் துணுக்கு, துணிக் கந்தல், நூல், பழைய பத்திரிகையில் வெட்டிய படம், பஞ்சிங் மெஷினில் விழுந்த பொட்டுகள் என்று எதை வைத்தாலும் அந்தக் கணமே ஒட்டும், காய வேண்டியதில்லை. காலியாக விடும் இடத்தில் தலைமுடி சிக்கும். கடைசியில் டிஷ்யூ பேப்பரைப் பொடியாகக் கிழித்து அங்கே அழுத்தச் சொல்லுங்கள். ஜிகினாத் தூளுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள், மாதக்கணக்கில் பாயிலும் தலையணையிலும் வந்துகொண்டிருக்கும்.

அலங்காரம் முடியும்வரை பட்டை மேசையில் தட்டையாகவே கிடக்கட்டும். வளையமாக்கிய பிறகு எதையும் அழுத்தி ஒட்ட முடியாது. முடிந்ததும் தலையில் சுற்றி அளந்து, ஒரு விரல் நுழையும் தளர்ச்சி விட்டு, கழற்றி ஸ்டேப்ளர் அடியுங்கள். தலையில் வைத்தபடியே அடிக்கக் கூடாது. பின்னின் மடிந்த கால்கள் வெளிப்பக்கம் வர வேண்டும், உள்ளே வந்தால் நெற்றியைக் கீறும். மேலே ஒரு துண்டு டேப்.

சிலர் ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு நிற்பார்கள். 'இன்னும் கொஞ்சம் ஒட்டேன்' என்று வற்புறுத்த வேண்டாம், தரையில் இருக்கும் சாலை அவர்களுக்காகத்தான் இன்னும் கிடக்கிறது. சில பெரியவர்கள் பிள்ளையின் கையிலிருந்து வாங்கித் தாங்களே நேர்த்தியாக்க முனைவார்கள். அவர்களுக்கு ஸ்டேப்ளரைக் கொடுத்துவிடுங்கள்.

தாள், அட்டை இரண்டிலும் பதினைந்தாக எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் வரும் தம்பி தங்கைக்கும், கிழிந்து போவதற்கும் மூன்று உபரி. அந்தத் தம்பி மூன்று வயதுக்குக் குறைந்தவன் என்றால் பொத்தான், மணி எதையும் மேசையில் வைக்காதீர்கள். டிஷ்யூ ரோலின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் பொருள் எதுவும் அவன் தொண்டையிலும் சிக்கக்கூடியது. பலூன் கட்டினால், வெடித்த துண்டுகளை உடனுக்குடன் பொறுக்கிவிடுங்கள், அந்தத் துண்டு பெரிய பிள்ளைகளுக்குமே ஆபத்து.