செந்தூல் பால்கனியில் குங்குமப்பூ பூக்குமா?

கேள்வி: செப்டம்பரில் இணையக் கடை ஒன்றில் குங்குமப்பூக் கிழங்கு இருபது 96 ரிங்கிட்டுக்கும், குங்குமப்பூ விதை ஒரு பாக்கெட் 12 ரிங்கிட்டுக்கும் வாங்கினேன். ‘வெப்ப நாட்டுக்கு ஏற்றது, வீட்டிலேயே அறுவடை’ என்று விளம்பரம். மருமகள் முழுகாமல் இருக்கிறாள்; பாலில் போட்டுக் கொடுக்கலாம் என்று ஆசை. நட்டு இரண்டு மாதம் ஆகிறது. புல் மாதிரி இலை வந்ததோடு சரி, பூ இல்லை. ஏழெட்டு அழுகிவிட்டன. விதை முளைக்கவே இல்லை. விற்றவரோ, ‘உங்களுக்குக் கவனிக்கத் தெரியவில்லை’ என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? (கோலாலம்பூர், செந்தூல் வாசகி)

பதில்: உங்கள் மேல் தவறு இல்லை அம்மா.

முதலில் விதை. குங்குமப்பூச் செடி விதையே பிடிக்காது. எந்த நாட்டிலும் கிழங்கைப் பிரித்து நட்டுத்தான் அதைப் பெருக்குகிறார்கள். ஆகவே அந்தப் பாக்கெட்டில் எது இருந்தாலும் அது குங்குமப்பூ விதை அல்ல. 12 ரிங்கிட்டைத் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள்.

கிழங்கு விஷயம் வேறு. காஷ்மீரின் பாம்பூரில் இது அக்டோபர் கடைசியில், இரவுக் குளிர் தொடங்கிய பிறகு பூக்கிறது. கோடையில் கிழங்கு உறங்கும்போதே 23 முதல் 27 டிகிரி சூட்டில் உள்ளே மொட்டு உருவாகிவிடும். அது வெளியே வர 15 முதல் 17 டிகிரி வேண்டும். கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட 22க்குக் கீழே இறங்குவது அபூர்வம். மொட்டு கட்டும் சூடு நம்மிடம் இருக்கிறது, பூக்க வைக்கும் குளிர்தான் இல்லை. ஏர்கோனை 16இல் வைத்த அறையில், மொட்டுள்ள பெரிய கிழங்கு ஒரு தடவை பூக்கலாம். ஆனால் பழைய கிழங்கு வருடாவருடம் வற்றி, அதன் மேலே புதுக் கிழங்கு உண்டாகும். அது பருக்கப் பல மாதம் குளிர்ந்த வெயில் வேண்டும். நம் ஊரில் சிறுத்துக்கொண்டே போய் முடிந்துவிடும்.

மிச்சமுள்ளதில் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். அசல் குங்குமப்பூக் கிழங்கானால் வலை பின்னியது போன்ற பழுப்பு நார்த்தோல் இருக்கும். குறுக்கே வெட்டினால் வெங்காயம் போல அடுக்கு இருக்காது, உள்ளே கெட்டியாக வெள்ளையாக இருக்கும். கட்டைவிரல் அமுங்கினால் எறிந்துவிடுங்கள். நல்லவற்றை மணல் கலந்த மண்ணுக்கு மாற்றி, மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள்.

மருமகளுக்குக் கடைக் குங்குமப்பூவே போதும். காய்ந்த குங்குமப்பூ ஒரு கிராமுக்குச் சுமார் 150 பூ தேவை. இருபது கிழங்கும் தலா மூன்று பூத்தால்கூட அரை கிராம் தேறாது. அதைவிட முக்கியம், இலையுதிர்காலத்தில் இதே சாயலில் பூக்கும் கோல்சிகம் என்று ஒரு செடி உண்டு. முழுக்க நஞ்சு, உயிரையே வாங்கும். குங்குமப்பூவில் மகரந்தக் காம்பு மூன்று, கோல்சிகத்தில் ஆறு. உங்கள் செடியின் புல் போன்ற இலையைப் பார்த்தால் அது கோல்சிகமாகத் தோன்றவில்லை. ஆனாலும் பெயர் தெரியாத கடையில் வாங்கிய கிழங்கின் பூவைப் பிள்ளைத்தாய்ச்சியின் பாலில் போட நான் சம்மதிக்கவே மாட்டேன்.

சரி, பணத்துக்கு வருவோம். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும், சொன்ன காரியத்துக்கு உதவவும் வேண்டும். ‘வெப்ப நாட்டுக்கு ஏற்றது’ என்ற அந்த வரிதான் உங்கள் பிடி. அவர்கள் அழிப்பதற்குள் விளம்பரம், ரசீது, உரையாடல் எல்லாவற்றையும் படம்பிடித்து வையுங்கள். அப்புறம், தேதி குறிப்பிட்டு எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று வருட அவகாசம் உண்டு. விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் தீர்ப்பாயத்தால் பிடிப்பது கடினம். அப்போது வாங்கிய செயலியிலேயே புகார் கொடுங்கள்.

கேள்வி: அதே மாதிரிப் பூ நம் தோட்டத்துக்கு வேறு ஏதாவது உண்டா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: மழை லில்லி வையுங்கள். இளஞ்சிவப்பு, வெள்ளை இரண்டும் நர்சரியில் கிடைக்கும். சில நாள் காயவிட்டால், அடுத்த பெருமழைக்குப் பின் தரையெல்லாம் பூக்கும். அதன் கிழங்கும் நஞ்சுதான். குழந்தைகள், நாய் உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் நடுங்கள்.