கெண்டைக்கால், நெஞ்சுவலி, ஆட்டுக்கறி: கால்சியம் கேள்விகள்

தேயிலை பறிக்கிற வேலை. ராத்திரியானால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. கால்சியம் மாத்திரை போட்டால் தசைக்குப் பலம் வருமா? (கோத்தகிரி)

வராதுங்க. தசை சுருங்கக் கால்சியம் வேண்டும்தான், ஆனால் அது தசைநாருக்குள்ளேயே ஒரு வலைப்பையில் இருப்பு வைத்திருக்கிற கால்சியம். நரம்பு உத்தரவு வந்ததும் வெளியே கொட்டி ட்ரோப்போனின் சி என்ற சின்னப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும், உடனே ஆக்டின் என்ற புரத இழையை மறைத்துக்கொண்டிருக்கிற ட்ரோப்போமயோசின் நகர்ந்து வழிவிடும், மயோசின் என்ற இன்னொரு புரதம் ஆக்டினைப் பிடித்து இழுக்கும், தசை சுருங்கும். வேலை முடிந்தால் மறுபடி பைக்குள் பம்ப் செய்துவிடும். ரத்தத்திலோ, டெசிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்று உடம்பே கட்டிக் காக்கிறது, குறைந்தால் எலும்பிலிருந்தாவது எடுத்துச் சரிக்கட்டும். குறைபாடு இருக்கிறதென்று டாக்டர் சொன்னால் மாத்திரை, இல்லையென்றால் வீண் செலவு. இழுக்கும்போது பாதத்தை முகம் பக்கம் மடக்கி நீட்டிவிடுங்கள். அடிக்கடி வந்தால் காட்டிவிடுங்கள்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ட்ரோப்போனின் டெஸ்ட் எடுத்தார்கள், சில மணி நேரத்தில் மறுபடியும் எடுத்தார்கள். காசு பிடுங்குகிறார்களா? (குன்னூர்)

இல்லை. இதயத்தசை சிதைந்தால் ட்ரோப்போனின் ரத்தத்தில் கசிந்து ஏறச் சில மணி நேரமாகும், அந்த ஏற்றத்தைப் பார்க்கத்தான் இரண்டாவது தடவை. அதில் பார்ப்பது, மேலே சொன்ன ட்ரோப்போனின் சியின் கூட்டாளிகளான ட்ரோப்போனின் ஐ அல்லது டி. சியைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் இதயத்திலுள்ள அதே சி, கால் தசையின் மெதுவான நார்களிலும் இருக்கிறது, எங்கிருந்து வந்ததென்று சொல்ல முடியாது. வாயு என்று சுக்குக்காபி குடித்துக் காத்திருக்காமல் கூட்டிப் போனீர்களே, அதுதான் பெரிய விஷயம்.

ட்ரோப்போனினைக் கண்டுபிடித்தது யார்? (பிளஸ் டூ மாணவி, கூடலூர்)

ஜப்பானில் செட்சுரோ எபாஷியும் அயாகோ கொடாமாவும், 1965இல்.

அப்போதுதான் அறுத்த ஆட்டுக்கறியை உடனே ஃப்ரிட்ஜில் வைத்தேன், மறுநாள் ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. ஆடு கிழடா? (ஊட்டி)

ஆட்டை ஏன் திட்டுகிறீர்கள்! அறுத்த சில மணி நேரம் வரை தசையில் சக்தி மிச்சமிருக்கும். அது தீர்வதற்குள் கறி 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால், தசைநாருக்குள் இருக்கிற அந்த வலைப்பையிலிருந்து கால்சியம் கசியும், பம்ப்போ குளிரில் மந்தமாகிவிடும், திரும்ப அள்ள முடியாது. கசிந்தது அதே ட்ரோப்போனின் சியில் ஒட்ட, உயிரில்லாத கறி நிஜமாகவே சுருங்குகிறது, அப்புறம் சக்தி தீர்ந்து அப்படியே இறுகிப்போகிறது. சின்னத் துண்டுதான் சீக்கிரம் குளிரும், அதனால் அதற்குத்தான் ஆபத்து அதிகம். அடுத்த தடவை நேராகக் குக்கரில் போடுங்கள், வைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் எலும்போடு பெரிய துண்டாக வாங்குங்கள், எலும்பு இழுத்துப் பிடித்திருப்பதால் அவ்வளவாகச் சுருங்காது.